காளானைக் கண்டால் உடம்பு ஏன் உஷாராகிறது?

பாலக்கோடு பக்கம் தெரிந்தவர் ஒருவரின் காளான் குடிலுக்குப் போயிருந்தேன். கீற்று வேய்ந்த கொட்டகை, சுற்றிலும் ஈரச் சாக்கு, உறி கட்டித் தொங்கும் வைக்கோல் படுக்கைகள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். வைக்கோல் முழுக்க வெள்ளை இழை ஓடி, தட்டினால் ரொட்டி மாதிரிக் கெட்டியாக இருந்தது. பையில் ஓட்டை போட்ட இடத்தில் சிப்பிக் காளான் கொத்தாக எட்டிப் பார்த்தது.

"காளான்ல எதிர்ப்பு சக்தி இருக்குதுன்னு வாட்ஸ்அப்புல வருதுங்களே அண்ணா. அதையே பொடி பண்ணி டப்பால அடைச்சா ஆயிரக்கணக்குல போவுது. நம்ம பாக்கெட்டு சாயந்திரம் வரைக்கும் கடையிலயே கெடக்குது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. சக்தி காளானில் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது. காளான் அதைச் சீண்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

காளான் செடியல்ல, பூஞ்சை. அதன் செல்லைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரின் முக்கியச் சரக்கு பீட்டா குளுக்கான். பெயர்தான் பெரிது, பொருள் வெறும் குளுக்கோஸ் சங்கிலி. ராகிக் களியில் இருக்கும் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான், கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. களியின் முடிச்சை நம் நொதிகள் அவிழ்த்துவிடும். பீட்டா முடிச்சை அவிழ்க்க நம்மிடம் நொதி இல்லை. அதனால் அது செரிக்காமல் குடலில் இறங்குகிறது. சிறுகுடல் சுவரில் காவல் சாவடி போல நிணநீர்த் திட்டுகள் இருக்கின்றன. அங்குள்ள 'எம்' செல்கள், போகிற துகளில் கொஞ்சத்தைப் பிடித்து உள்ளே இருக்கும் எதிர்ப்புச் செல்களிடம் கொடுக்கின்றன.

மனிதச் செல் எதிலும் பீட்டா குளுக்கான் கிடையாது. ஆகவே அது கண்ணில் பட்டால் எதிர்ப்புச் செல்லுக்கு ஒரே அர்த்தம்: பூஞ்சை வந்துவிட்டது. வாயில் வெள்ளைப் படலம் தரும் கேண்டிடா என்ற பூஞ்சையின் சுவரிலும் இதே சரக்குதான். அதைத் தடவி அறியும் ஏற்பிப் புரதம் டெக்டின்-1. விழுங்கு செல்களின் மேல் இருக்கிறது. 2001இல் அடையாளம் கண்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. கரைந்து மிதக்கும் குளுக்கான் டெக்டினில் ஒட்டினாலும் செல் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. துகளாக வந்தால்தான் பாய்கிறது. காரணம் 2011இல் தெரியவந்தது. டெக்டினின் சமிக்ஞையை அணைத்துக்கொண்டே இருக்க, பக்கத்தில் சிடி45 போன்ற புரதங்கள் நிற்கின்றன. துகள் வந்து அழுத்தமாக ஒட்டும்போது அந்த இடத்திலிருந்து அவை ஒதுக்கித் தள்ளப்படுகின்றன. சமிக்ஞை எரியத் தொடங்குகிறது. பூஞ்சை எங்கோ உதிர்த்த துணுக்குக்கும் வாசலில் நிற்கும் பூஞ்சைக்கும் வித்தியாசம் பார்க்கும் ஏற்பாடு இது. வேலிக்கு வெளியே நாய் குரைப்பதற்கும், நம் திண்ணையில் ஏறிக் குரைப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

அப்புறம், பீட்டா குளுக்கானை ஒருமுறை சந்தித்த மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள், பிறகு வேறு கிருமி வந்தாலும் வேகமாகப் பதிலடி தருகின்றன. 'பயிற்சி பெற்ற எதிர்ப்பு' என்று இதற்குப் பெயர். ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் நன்றாகத் தெரிகிறது. தட்டில் இருக்கும் காளான் வறுவல் அதே வேலையை அதே அளவில் செய்யும் என்று சொல்லிவிட முடியாது.

மருந்தானதும் உண்டு. ஷிடேக் காளானிலிருந்து 1969இல் ஜப்பானில் பிரித்த லென்டினான் என்ற பீட்டா குளுக்கான், 1985இல் அங்கே இரைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ஆனால் ஊசியாக, கீமோதெரபிக்குத் துணையாக. இந்த இரண்டு விவரத்தையும் டப்பாக்காரர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். டப்பாவில் 'பாலிசாக்கரைடு இத்தனை சதவீதம்' என்று போட்டிருந்தாலும் ஏமாற வேண்டாம், பாலிசாக்கரைடு என்றால் சர்க்கரைச் சங்கிலி, மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான். உறுப்பு மாற்று சிகிச்சை முடிந்து எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பொடிகளைத் தொடவே கூடாது.

நம் சிப்பிக் காளானிலும் பீட்டா குளுக்கான் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, புளூரான் என்று பெயர் வைத்து ஐரோப்பாவில் விற்கிறார்கள். இதைச் சொன்னதும் குடில்காரர் சிரித்தார். சிரிப்போடு இருமலும் வந்தது.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. காளானின் விளிம்பு விரிந்து மேலே மடங்கிவிட்டால் வித்துத்தூள் கொட்டும். கீழ்ப் படுக்கையில் மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைத் தினமும் மூச்சில் இழுத்தால் சிலருக்கு நுரையீரலில் எதிர்ப்புச் செல்கள் மிகையாகக் கொதித்தெழும். காலையில் பறித்தால் சில மணி நேரம் கழித்து, சாயங்காலம் போல் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு.

"மாஸ்க் போடுறீங்களா?" என்றேன். உறிக்கயிற்றில் மாட்டியிருந்த பழைய துண்டைக் காட்டினார். விளிம்பு கீழ்ப்பக்கம் சுருண்டிருக்கும்போதே பறித்துவிடுங்கள், கூடவே நல்ல மாஸ்க் ஒன்று வாங்குங்கள், நெஞ்சு டாக்டரையும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.