கிளிசரால் தட்டில் ஒரு காலி இடம்

“மைட்டோகாண்ட்ரியா டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்றார்களே, அப்புறம் எப்படி இது மைட்டோகாண்ட்ரியா நோய்?” மரபியல் ஆலோசனைக்கு வரும் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது. (மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் சின்ன உறுப்பு.) இன்னொரு கேள்வியைத் தாய் வாய்விட்டுக் கேட்கமாட்டார். மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டுமே வரும் என்று எங்கோ படித்திருப்பார்; ‘அப்படியானால் என்னால்தானா?’ என்பது முகத்திலேயே தெரியும்.

இரண்டுக்கும் பதில் சொல்ல நான் ஈஸ்ட்டிடம் போய்விடுவேன். இந்த வேலைக்கு வருமுன் ஈஸ்ட் ஆய்வகத்தில் இருந்தேன், பழக்கதோஷம்.

ஈஸ்ட்டுக்குப் பிழைக்க இரண்டு வழி உண்டு. குளுக்கோஸ் கிடைத்தால் அதை நொதிக்க வைத்தே காலம் தள்ளிவிடும். மைட்டோகாண்ட்ரியா பழுதாக இருந்தாலும் சாகாது. கிளிசரால் மட்டும் கொடுத்தால் மைட்டோகாண்ட்ரியாவை வைத்துச் சுவாசித்தே தீர வேண்டும். குளுக்கோஸ் தட்டில் வளர்ந்த காலனிகளை வெல்வெட் துணியில் ஒற்றியெடுத்து, அதே வரிசையில் கிளிசரால் தட்டில் பதிப்போம். இரண்டு மூன்று நாள் கழித்துத் தட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றில் காலனி இருக்கும் இடம் மற்றொன்றில் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைத் தேடித்தான் அத்தனை வேலையும்.

இப்படிச் சுவாசிக்க முடியாத ஈஸ்ட் குளுக்கோஸிலும் சின்னக் காலனியாகவே வளரும். 1940-களின் இறுதியில் பாரிஸில் போரிஸ் எஃப்ருசி அதற்குப் ‘பெத்தீத்’ (சிறியது) என்று பெயர் வைத்தார். பெத்தீத்திலும் இரண்டு வகை. ஒன்றில் பழுது மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில். மற்றதை நல்ல ஈஸ்ட்டோடு இணைசேர வைத்தால், பிறக்கும் நான்கு வித்துகளில் இரண்டு சரியாகவும் இரண்டு பழுதாகவும் இருக்கும். அதாவது கோளாறு செல்லின் உட்கருவில், குரோமோசோம்களில் இருக்கும் மரபணுவில்.

ஷை-1 என்ற மரபணு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஈஸ்ட்டின் சுவாசத்துக்கு அது தேவை என்று 1997-இல் தெரிந்தது. சுவாசச் சங்கிலியின் கடைசி நொதி சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ். அதைக் கோத்துக் கட்ட உதவுவது ஷை-1-இன் புரதம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர் மாதிரி. முடிந்த வீட்டில் அவர் இருக்கமாட்டார், ஆனால் அவர் வராவிட்டால் சுவர் எழும்பாது.

மனிதரில் இதற்கு இணையான மரபணு சர்ஃப்-1. அது பழுதானால் லீ சிண்ட்ரோம் என்ற மூளை நோய் குழந்தைகளுக்கு வரலாம் என்று அடுத்த வருடமே, 1998-இல், இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. நோயை டெனிஸ் லீ விவரித்தது 1951-இல். சில மாதம் நன்றாக வளர்ந்த குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் வரும், அதற்குப் பிறகு உட்காரக் கற்றதை மறந்துவிடும். எடை ஏறாது, வாந்தி வரும். எம்ஆர்ஐயில் மூளையின் ஆழத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி மாற்றம் தெரியும். ரத்தத்தில் லாக்டேட் கூடியிருக்கும். இதுவும் ஈஸ்ட் கதைதான்: சுவாசம் முடியாதபோது ஈஸ்ட் ஆல்கஹால் விடுகிறது, நம் செல் லாக்டேட் விடுகிறது. ஆனால் ஈஸ்ட் போல அதை வைத்தே பிழைத்துக்கொள்ள மூளையால் முடியாது.

(சர்ஃப்-1 நீக்கிய எலிகள் சீக்கிரம் சாகாமல், கூடுதல் நாள் வாழ்ந்தன என்று 2007-இல் ஒரு ஆய்வு வந்தது. எலி நமக்கு நெருங்கிய உறவு என்று அதிகம் நம்பிவிடக் கூடாது!)

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் இருப்பவை 37 மரபணுக்கள். அது வேலை செய்யத் தேவையான புரதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உட்கருவிலிருந்து வருகின்றன. சர்ஃப்-1 இருப்பது 9-ஆம் குரோமோசோமில். 37-ஐ மட்டும் பார்த்த பரிசோதனை ‘ஒன்றும் இல்லை’ என்றால், தேடிய பெட்டியில் இல்லை, அவ்வளவுதான். ரிப்போர்ட் கையில் வந்ததும், உட்கரு மரபணுக்களையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். எக்ஸோம் பரிசோதனை (மரபணுக்களில் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகளை மொத்தமாகப் படிப்பது) பெரும்பாலும் அதைத்தான் செய்கிறது.

சர்ஃப்-1 நோய் வர, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பழுதாக வேண்டும். பெற்றோர் இருவருக்கும் மற்றொரு பிரதி சரியாக இருப்பதால் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு.

ஒரு தம்பதியிடம் இதைச் சொன்னபோது, கணவரின் ரிப்போர்ட்டில் இருந்த சர்ஃப்-1 வரியை அந்தத் தாய் இரண்டு முறை படித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அவரிடம் நீட்டினார். அவரும் படித்துவிட்டு, “அடுத்த குழந்தைக்கு முன்கூட்டியே பார்க்க முடியுமா?” என்று கேட்டார். முடியும், இருவரின் மாற்றமும் தெரிந்துவிட்டதால் கர்ப்பத்திலேயே பார்க்கலாம் என்றேன். அதற்கு எந்த வாரம் வர வேண்டும் என்று அந்தத் தாய் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்.