சுருட்டை முடி: வேருக்கு ஒரு கவனிப்பு, நுனிக்கு வேறு கவனிப்பு

போன செவ்வாய்க்கிழமை கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் அம்மாவோடு என் கிளினிக்குக்கு வந்தார். உட்காருவதற்கு முன்பே அம்மா ஒரு துணிப்பையை மேஜையில் கவிழ்த்தார். லீவ்-இன் கண்டிஷனர் (பூசிக் கழுவாமல் விடுவது), கர்ல் கிரீம், கோ-வாஷ் (ஷாம்புக்குப் பதிலாகத் தலை கழுவும் கண்டிஷனர்), கெரட்டின் என்ற முடிப் புரதம் சேர்த்த மாஸ்க், ரோஸ்மேரி எண்ணெய், ஊறுகாய் பாட்டிலில் வீட்டிலேயே காய்ச்சிய ஆளிவிதை ஜெல். இப்படி மொத்தம் பதினொன்று. ஷாம்பு மட்டும் இல்லை.

"எட்டு மாசமா ஷாம்பு போடல டாக்டர். சுருட்டை முடிக்கு ஷாம்பு விஷம்னு வீடியோல சொன்னாங்க" என்றார் பெண்.

"அது கெடக்கட்டும். இவ தலையில எண்ணெயே வைக்க விடமாட்டேங்கறா, அதான் இவ்வளவு பொடுகு" என்றார் அம்மா.

வகிடு பிரித்துப் பார்த்தேன். மஞ்சளாக, பிசுபிசுவென்று செதில்கள் முடியின் அடியில் அப்பியிருந்தன. அதற்குக் கீழே தோல் சிவந்து கிடந்தது. காதுக்குப் பின்னாலும் அதே கதை. நுனி முடியைத் தொட்டால் தென்னந்துடைப்பம். மேலே வெள்ளம், கீழே வறட்சி. இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது தலை இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவிலும் தடுக்கி நின்றுவிடும். அதனால் வேரில் பிசுக்கு, நுனியில் வறட்சி. இரண்டுக்கும் ஒரே மருந்து தேடுவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

முதலில் அம்மாக்களின் கட்சி. பொடுகு என்றால் தலை காய்ந்துவிட்டது, எண்ணெய் வைத்தால் சரியாகும். இந்த வாக்கியத்தை ஒரு நாளைக்கு ஐந்து தடவையாவது கேட்கிறேன். தலை காய்ந்ததால் பொடுகு வருவதில்லை. மலசீசியா என்று ஒரு பூஞ்சை நம் எல்லார் தலையிலும் குடியிருக்கிறது. அதற்குச் சாப்பாடே கொழுப்புதான். தலைத்தோலின் எண்ணெயைத் தின்று அது விட்டுவைக்கும் ஒலியிக் அமிலம் சிலருக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. தோல் வேகவேகமாகச் செதில் உதிர்க்கிறது. அந்தச் செதிலைப் பார்த்து 'காய்ஞ்சு போச்சு' என்று நினைத்து ஒரு கை எண்ணெயை வைக்கிறோம். செதில் நனைந்து படிந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 'பாருங்க, எண்ணெய் வச்சதும் போயிடுச்சு!' போகவில்லை அம்மா, பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து இன்னும் கூட்டமாக வரும்.

நிஜமாகவே தலைத்தோல் காய்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கை கால் தோலும் சேர்ந்து காய்ந்திருக்கும், செதில் பொடியாக, வெள்ளையாக, பிசுக்கில்லாமல் உதிரும். வியர்வையில் ஊறும் நம் கடலோர ஊர்களில் அப்படி வருகிறவர்கள் குறைவு.

இதைச் சொன்னதும் என்னைத் தேங்காய் எண்ணெய்க்கு எதிரி ஆக்கிவிடுவார்கள். இல்லை. 2003இல் மும்பை ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆனால் கவனியுங்கள், முடியிலிருந்து. தலைத்தோலைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், காது மட்டத்துக்குக் கீழே இருக்கும் முடியில் தடவுங்கள். போதும். அதனால் முடி புதிதாக முளைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது மகள்களின் கட்சி. ஷாம்பு வேண்டாம், கண்டிஷனராலேயே தலையைக் கழுவலாம். நாளெல்லாம் ஏசி அறையில் இருப்பவருக்கு அது ஒருவேளை ஒத்துவரலாம். மே மாதத்தில் பேருந்தில் நின்றுகொண்டு கல்லூரிக்குப் போகிறவருக்கு ஒத்துவராது. வாரம் இரண்டு முறை ஷாம்பு போடுங்கள். தலைத்தோலில் மட்டும், விரல் நுனியால், நகம் படாமல். வழிந்து இறங்கும் நுரையே மிச்ச முடிக்குப் போதும். சல்பேட் (நுரை கிளப்பும் பொருள்) இல்லாதது வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கண்டிஷனரில் முடியை வழுக்க வைக்கும் சிலிக்கோன் விஷம் என்பதும் சும்மா. ஷாம்புவே போடாதவர்களுக்கு அது கழுவிப்போகாமல் படியும், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்தது மூன்றே மூன்று. பூஞ்சையை அடக்கும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரம் இரண்டு தடவை, ஒரு மாதத்துக்கு. தலைத்தோலில் தடவி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும் (போட்ட உடனே கழுவிவிட்டு 'கேக்கல டாக்டர்' என்பவர்கள்தான் அதிகம்). அது நுனியைக் காயவைக்கும் என்பதால் முதலில் நுனியில் கண்டிஷனரைப் பூசிவிட வேண்டும். மூன்றாவதாக ஒரு சாதாரண லீவ்-இன், ஈர முடியில். கிளம்பும்போது கதவருகே நின்று அம்மா கேட்டார்: "வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் உச்சந்தலையில வச்சுக்கலாமா?" வேண்டாம் என்றேன். சரி என்றார். முகத்தைப் பார்த்தால் வைத்துவிடுவார் என்றுதான் தோன்றியது.

சுருட்டை முடிக்கு வேண்டியது புரதமா, ஈரப்பதமா என்ற சண்டைக்கும் வருகிறேன். ஒரே வாரத்தில் கெரட்டின் மாஸ்க், வடிகஞ்சி, புரதம் சேர்த்த கண்டிஷனர் எல்லாம் போட்டால் முடி விறைத்து, தொட்டதும் ஒடியும். மாறாக, தினமும் தலையை நனைத்து, ஈரத்தோடே கொண்டை போட்டுத் தூங்கினால் முடி ஊறிச் சுருங்கி ஊறிச் சுருங்கித் தொய்ந்துபோகும், சுருள் நிற்காது. ஈரமான ஒரு முடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பினால் அப்படியே விட்டுவிடுங்கள். ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனால் புரதம் சேர்ந்த மாஸ்க் ஒன்று, மாதம் ஒரு முறை. இழுத்ததும் பட்டென்று ஒடிந்தால் கண்டிஷனரைக் கூட்டுங்கள், புரதத்தை நிறுத்துங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் முடியை மிதக்கவிட்டுப் பார்க்கும் சோதனை வேண்டாம். எண்ணெய் பட்ட முடி மிதக்கும், அவ்வளவுதான் அதிலிருந்து தெரியும். முட்டையும் வேண்டாம். அதன் புரதம் முடிக்குள் நுழையும் அளவுக்குச் சின்னது அல்ல. தோசைக்கல்லில் ஊற்றினால் வயிற்றுக்காவது போகும்.

'ஈரத்துல சீவாதே' என்று பாட்டி சொன்னது நேர்முடிக்குச் சரி. சுருட்டை முடியைக் காய்ந்தபின் சீவினால்தான் ஒடியும். கண்டிஷனர் வழுக்கலோடு, பெரிய பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேலே ஏறிச் சிக்கெடுங்கள். துவட்ட டர்க்கி டவலைவிட நம் ஈரிழைத் துண்டு மேல். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தலைக்குக் குளிக்கிற நாளில் மட்டும் சீவுகிறவர்களுக்கு ஒரே தடவையில் கொத்தாக வருவதைப் பார்த்துப் பயம் வரும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம். மூன்று நாள் முடி சேர்ந்து ஒரு நாளில் வந்தால் கொத்தாகத்தான் இருக்கும்.

கல்யாணத்துக்கு முன் முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பாட்டிலில் கிளையாக்ஸிலிக் அமிலம் என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு பெண்ணுக்கு 2020, 2021, 2022 என்று மூன்று தடவை பார்லரில் முடியை நேராக்கிய ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' 2024இல் வெளியிட்டது. ஃபார்மால்டிஹைட் இல்லை என்று சொல்லி விற்பவற்றில் இந்த அமிலம் இருப்பது உண்டு. கண் எரிகிறது, மூக்கு எரிகிறது என்றால் ஃபார்மால்டிஹைடும் இருக்கலாம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கர்ப்பிணிகள் அந்த அறைக்குள்ளேயே போக வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் டீச்சர்களுக்கும். 'பரட்டை' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எண்ணெயைக் கொட்டிப் படிய வாரி, ரெட்டைச் சடையை இழுத்து மடித்து ரிப்பன் கட்டி அனுப்புகிறீர்கள். நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி மெலிந்து எட்டு வயதுப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் இழுத்தால் வேர் தழும்பாகிவிடும், அதற்கப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பின்னி முடித்ததும் பிள்ளையைப் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றி இழுக்கிறது, வலிக்கிறது என்றால் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுங்கள். பஸ் வந்தாலும் பரவாயில்லை.