ஐயாயிரம் படங்களை ஒரே ஓட்டத்தில் சுருக்குவது எப்படி?

24 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் ஒரு படத்தில் 6000 × 4000 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் கணக்கிட்டால் 72 எம்பி. மெமரி கார்டில் ஜேபெக் கோப்பாகப் பதியும்போது அது 10 எம்பி அளவுக்கு இறங்கிவிடுகிறது. இணையப் பக்கத்தில் 1600 புள்ளி அகலத்தில் காட்டுவதற்கு 200, 300 கேபி போதும். ஒரே ஒரு படம் என்றால் எந்தச் செயலியிலும் திறந்து, சுருக்கி, சேமித்துவிடலாம். கடையின் பொருள்பட்டியல், கல்யாண ஆல்பம், பழைய புத்தகங்களின் ஸ்கேன் என்று ஐயாயிரம் படங்கள் குவியும்போது வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. ஒரு படத்தில் நிறம் மங்கினால் உடனே கண்ணில் படும். ஐயாயிரத்தில் நாற்பது படங்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால், யாராவது கேட்கும்வரை தெரியாது. எந்த மென்பொருள் நல்லது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி; எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

தரம் 80 என்பது சதவீதம் இல்லை

ஜேபெக் முதலில் படத்தை ஒளி ஒரு பங்கு, நிறம் இரண்டு பங்கு என்று பிரித்துக்கொள்கிறது. நிறத்தின் நுணுக்கத்தை நம் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எனவே நிறப் பங்குகளை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிவிடுவது வழக்கம். அடுத்து படத்தை 8 × 8 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் 64 எண்களையும் 64 அலைகளின் வலிமையாக மாற்றுகிறது. இந்தக் கணக்கை 1972-இல் முன்வைத்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இதற்காக அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதி கேட்டபோது, யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்களாம். அவரே எழுதி வைத்திருக்கிறார்.

தகவல் பெரிய அளவில் தொலைவது இதற்கு அடுத்த படியில். 64 எண்களில் ஒவ்வொன்றையும் ஓர் அட்டவணை எண்ணால் வகுத்து, முழு எண்ணாக்குகிறார்கள். ஜேபெக் தரநிலை உதாரணமாகத் தந்த ஒளி அட்டவணையில் மேல் இடது மூலையில் 16, கீழ் வலது மூலையில் 99. பரவலாகப் புழங்கும் லிப்ஜேபெக் நிரலில் தரம் 50 என்றால் அந்த அட்டவணை அப்படியே பயன்படும். 75 என்றால் எண்கள் பாதியாகி 8, 50. 90 என்றால் ஐந்தில் ஒரு பங்காகி 3, 20. ஒரு கட்டத்தின் கீழ் வலது மூலையில் 23 என்ற எண் இருப்பதாகக் கொள்வோம். தரம் 75-இல் 23-ஐ 50-ஆல் வகுத்தால் 0.46, அது பூஜ்யமாகிவிடும். அந்த நுண்ணிய கோடு போயே போய்விட்டது. தரம் 90-இல் 20-ஆல் வகுத்தால் 1.15, அது 1 ஆகும்; மறுபடி விரிக்கும்போது 20 ஆகத் திரும்பி வரும். கோப்பு சிறிதாவது இப்படிப் பூஜ்யங்கள் பெருகுவதால்தான்.

ஆக, 80 என்பது ‘80 சதவீதம் மிஞ்சியது’ என்று பொருள்படாது. ஃபோட்டோஷாப்பின் 12 படிகள் வேறு கணக்கு, வெப்பி என்ற இன்னொரு பட வடிவத்தின் 80 வேறு கணக்கு. கட்டளைகள் மூலம் படங்களை மாற்றும் மென்பொருளான இமேஜ்மேஜிக்கில் இன்னொரு சூட்சுமமும் உண்டு: தரம் 90-க்குக் கீழே நிறத்தைப் பாதியாக்கும், 90-ஐத் தொட்டதும் பாதியாக்காது. 89-இலிருந்து 90-க்குப் போகும்போது கோப்பின் எடை சட்டென்று ஏறுவதற்கு இதுதான் காரணம். தரத்தைச் சொல்லாமல் விட்டால், மூலக் கோப்பின் தரத்தை ஊகித்து அதையே பின்பற்றும். ஊகிக்க முடியாவிட்டால் 92. தொகுதி வேலையில் எண்ணைத் தெளிவாகக் கொடுக்க வேண்டும். சாதாரண ஒளிப்படங்களுக்கு 78 முதல் 85 வரை சரியாக இருக்கும்.

ஏற்கெனவே ஒருமுறை சுருக்கிய ஜேபெக்கை மறுபடி சுருக்கக் கூடாது என்பதும் இதே கணக்கின் விளைவு. அளவை மாற்றியதும் பழைய 8 × 8 கட்டங்களின் விளிம்புகள் புதிய கட்டங்களோடு பொருந்தாது. முதல் சுருக்கத்தின் பிழைகளையே படத்தின் நுணுக்கம் என்று நினைத்து இரண்டாவது சுருக்கம் கவனமாகப் பாதுகாக்கும். கோப்பும் பெருக்கும், படமும் கெடும். மூலப் படத்திலிருந்து, ஒரே ஒரு முறை. மூலம் கையில் இல்லை, இருப்பதே சிறிய ஜேபெக்தான் என்றால் ஜேபெக்ட்ரான் என்ற கருவி போதும். அது புள்ளிகளைத் தொடாமல் கடைசிக் குறியீட்டுப் படியை மட்டும் சீராக்கும். கிடைக்கும் லாபம் சில சதவீதம்தான், ஆனால் எதையும் இழப்பதில்லை.

முதலில் பிரி

எல்லாப் படங்களையும் ஒரே கட்டளைக்குள் தள்ளுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கேமரா படம், திரைப்பிடிப்பு, லோகோ, புத்தக ஸ்கேன் நான்கும் நான்கு ஜாதி.

திரைப்பிடிப்பிலும் லோகோவிலும் ஒரே நிறம் பரந்து கிடக்கும், விளிம்புகள் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். ஜேபெக் அந்த விளிம்பைச் சுற்றி கொசு மொய்ப்பது போலப் புள்ளிகளைத் தூவிவிடும். இவற்றுக்கு பிஎன்ஜி ஏற்றது. அது பக்கத்துப் புள்ளியோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிச் சுருக்குவதால் எதுவும் இழப்பதில்லை. பிஎன்ஜி-க்வான்ட் என்ற கருவி கொண்டு 256 நிறங்களாகக் குறைத்து, பிறகு கோப்பை இன்னும் இறுக்கும் ஆக்ஸிபிஎன்ஜி கருவியை ஓட்டினால் போதும். கேமரா படத்தை பிஎன்ஜி ஆக்குவது வீண்: சென்சாரின் இரைச்சலால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒத்துப்போகாது, கோப்பு பல மடங்கு ஊதிவிடும்.

புத்தக ஸ்கேன் தனிக் கதை. ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 புள்ளிகள், வண்ணத்தில் 26 எம்பி. வெறும் அச்செழுத்துப் பக்கம் என்றால் கறுப்பு–வெள்ளையாக, புள்ளிக்கு ஒரு பிட் வைத்தால் சுருக்குவதற்கு முன்பே 1.1 எம்பிக்குள் வந்துவிடும். அதன் மேல் ஃபேக்ஸ் காலத்து குரூப் 4 முறையைப் போட்டால் இழப்பில்லாமல் இன்னும் வெகுவாகக் குறையும். கறுப்பு–வெள்ளையாக்கும் வரம்பை மட்டும் மாதிரிப் பக்கங்களில் பார்த்து முடிவு செய்யுங்கள். மங்கிய அச்சில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். கறுப்பு–வெள்ளைப் பக்கங்களுக்கான இன்னொரு சுருக்க முறையான ஜேபிக்2-வின் இழப்புள்ள வகையைத் தவிர்த்துவிடுவது நல்லது. ஒத்த உருவங்களை ஒன்றாக எண்ணி ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கும் முறை அது. 2013-இல் ஜெராக்ஸ் ஸ்கேனர்கள் ஆவணங்களில் 6-ஐ 8 ஆக்கியதை டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியர் வெளிப்படுத்தியது இதனால்தான்.

திருப்பு, நிறம் மாற்று, குறுக்கு, நீக்கு

ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் சென்சார் படுக்கைவாட்டில்தான் பதிகிறது. ‘காட்டும்போது 90 பாகை வலப்பக்கம் திருப்பு’ என்று, படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் என்ற குறிப்புத் தகவலில் 6 என்ற எண்ணை எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். எடையைக் குறைக்கிறோம் என்று அந்தத் தகவலை நீக்கிவிட்டால் படம் படுத்துவிடும். எனவே ஆட்டோ-ஓரியன்ட் கட்டளை கொடுத்து புள்ளிகளையே திருப்புவது முதல் படி.

அடுத்தது நிறம். ஐஃபோன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் பதிகின்றன. இமேஜ்மேஜிக்கின் ஸ்ட்ரிப் கட்டளை எக்ஸிஃபோடு, எந்த நிறவெளி என்று சொல்லும் நிற விவரணையையும் சேர்த்தே துடைத்துவிடும். பிறகு உலாவி அந்த எண்களை இணையத்தின் வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். பட்டுப்புடவைச் சிவப்பு வெளிறிப்போகும். விவரணைக் கோப்பைக் கொடுத்து முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு துடைக்கலாம். அச்சகத்திலிருந்து வரும், அச்சு மைகளின் கணக்கில் நிறத்தைக் குறிக்கும் சிஎம்ஒய்கே ஜேபெக்குகளுக்கு இது இன்னும் அவசியம். துடைப்பதால் ஒரு நன்மையும் உண்டு: வீட்டின் ஜிபிஎஸ் இடம் படத்தோடு ஊர் சுற்றாது. எடுத்தவர் பெயரும் சேர்ந்து போகும் என்பதால், வேண்டுமானால் எக்ஸிஃப்டூல் கொண்டு அதை மட்டும் திரும்ப எழுதிவிடலாம்.

எடையில் பெரிய லாபம் குறுக்குவதில்தான். 6000-இலிருந்து 1600-க்கு வந்தால் புள்ளிகள் பதினான்கில் ஒரு பங்காகின்றன. தர எண்ணைத் திருகி இந்த அளவு லாபம் எடுக்கவே முடியாது. அளவுக்குப் பின்னால் ‘பெரிதாக இருந்தால் மட்டும்’ என்ற குறியைச் சேர்க்க மறந்தால், 400 புள்ளி அகலமுள்ள படமும் 1600-க்கு இழுபட்டு மங்கிவிடும். ஒளி ஊடுருவும் பிஎன்ஜியை ஜேபெக் ஆக்குபவர்கள் வெள்ளைப் பின்னணியையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் லோகோ பெரும்பாலும் கறுப்புப் பெட்டிக்குள் நிற்கும்.

நினைவகமும் பெயர்களும்

இமேஜ்மேஜிக் 7-இன் வழக்கமான வடிவம் ஒரு புள்ளியின் ஒவ்வொரு நிறத்துக்கும் 4 பைட் ஒதுக்குகிறது. நம் 24 மெகாபிக்சல் படத்துக்கு அது 288 எம்பி. எட்டுப் படங்களை ஒரே நேரத்தில் ஓட்டினால் 2.3 ஜிபிக்கு மேல். அனுமதித்த வரம்பைத் தாண்டியதும் அது நின்றுவிடாது. வட்டில் எழுதி எழுதிப் படிக்கத் தொடங்கும், வேலை ஊர்ந்துபோகும். போதாக்குறைக்கு ஒவ்வொரு ஓட்டமும் தன் பங்குக்கு ஒரே நேரத்தில் ஓடும் பல இழைகளைத் தொடங்கும். இணையாக ஓட்டும்போது மேஜிக்-த்ரெட்-லிமிட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால் இந்த மோதல் தீரும். வெறும் குறுக்கல்தான் வேலை என்றால் லிப்விப்ஸ் தொகுப்பின் விப்ஸ்தம்ப்நெய்ல் நல்ல தேர்வு. படத்தைத் துண்டு துண்டாகப் படித்துக்கொண்டே குறுக்கும். முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் விரிக்காது.

இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளையில் கவனம் தேவை. வெளியீட்டு ஃபோல்டரைச் சொல்லாமல் ஓட்டினால் மூலக் கோப்புகளின் மேலேயே எழுதிவிடும். திரும்பப் பெற வழி கிடையாது.

பெயர்கள் இன்னொரு கண்ணி. லினக்ஸில் சிற்றெழுத்து ஜேபிஜி என்று தேடினால், பேரெழுத்தில் பெயரிடும் கேமராக்களின் படங்கள் சத்தமில்லாமல் விடுபடும். கேமராவின் எண் 9999-ஐத் தாண்டியதும் 0001-க்குத் திரும்பிவிடும். இரண்டு ஃபோல்டர்களை ஒரே வெளியீட்டில் கொட்டினால் பின்னது முன்னதை விழுங்கும். ஒரே பெயரில் ஜேபெக்கும் பிஎன்ஜியும் இருந்து இரண்டையும் வெப்பி ஆக்கினாலும் இதே கதி. ஃபோல்டர் அமைப்பை அப்படியே வெளியீட்டிலும் வைத்திருப்பது பாதுகாப்பு.

தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல். ‘கோயில்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் இரண்டாகப் பிரித்தே சேமித்தன. அங்கிருந்து நகலெடுத்த படங்களை லினக்ஸில் பட்டியலிட்டால் பெயர் சரியாகவே தெரியும், ஆனால் நிரலில் தட்டச்சு செய்த பெயரோடு பொருந்தாது. ‘கோப்பு இல்லை’ என்று சொல்லும். கான்வ்எம்வி கருவியால் எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

வெப்பி, ஏவிஐஎஃப்

கூகுள் 2010-இல் கொண்டுவந்த வெப்பி, ஒளிப்படங்களில் ஜேபெக்கைவிடச் சிறிய கோப்பு தரும். அதன் இழப்புள்ள வகை நிறத்தை எப்போதும் பாதியாக்கும் என்பதால் சிவப்பு எழுத்துகள் கசிந்து தெரியும். நீளத்திலோ அகலத்திலோ 16,383 புள்ளிகளுக்கு மேல் ஏற்காது. நீண்ட பனோரமாக்கள் இங்கே தோற்கும். ஏவிஐஎஃப் என்ற வடிவம் இன்னும் சிறிதாக்கும், ஆனால் மெதுவாக. ஐயாயிரம் படங்களுக்கு முன் ஐம்பதை ஓட்டி நேரம் பாருங்கள்.

வேலை முடிந்ததும் உள்ளே போன கோப்புகளின் எண்ணிக்கையும் வெளியே வந்தவற்றின் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு வெளியீட்டைக் கோப்பின் எடைப்படி வரிசைப்படுத்துங்கள். பட்டியலின் அடியில் பூஜ்யம் பைட், 3 கேபி என்று கிடப்பவை பாதியில் அறுந்தவை. உச்சியில் இருப்பவை தவறான ஜாதியில் சேர்ந்தவை, அல்லது மூலத்தைவிடப் பெருத்துவிட்டவை. பெருத்தவற்றைத் தூக்கிவிட்டு, புள்ளி அளவு பொருந்தினால் மூலத்தையே வைத்துக்கொள்ளலாம். நடுவிலிருந்து முப்பது படங்களை எடுத்து மூலத்தோடு பக்கத்தில் வைத்து, நூறு சதவீத அளவில், முகம், வானம், எழுத்து மூன்றையும் பாருங்கள். மூலங்களை அதுவரை அழிக்க வேண்டாம்.