சீலா என்றாலும் வஞ்சிரம் என்றாலும் தேடல் பெட்டிக்குப் புரிய வேண்டும்

மண்டபத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கு இணையக் கடை செய்து கொடுத்தேன். மேலே ஓரத்தில் பூதக்கண்ணாடிப் படம் போட்டுத் தேடல் பெட்டி ஒன்றும் வைத்தேன், அரை மணி நேர வேலை. மூன்றாவது வாரம் கூப்பிட்டார். "தம்பி, மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் போன் போட்டு வஞ்சிரக் கருவாடு இல்லையான்னு கேக்குறாரு. குடோன்ல ரெண்டு மூட்டை கிடக்கு. நம்ம கடையில இல்லைன்னு சொல்லுதாம்ல?"

பார்த்தால், சரக்குப் பட்டியலில் இருப்பது 'சீலாக் கருவாடு'. எங்கள் கரையில் அது சீலா, சென்னைக்குப் போனால் வஞ்சிரம். பெட்டிக்கு இது எப்படித் தெரியும்? நான்தான் சொல்லித் தரவில்லை.

இந்த வேலையில் பலரும் தேடலைக் கடைசி நாளில் ஒட்டுகிற பட்டனாகத்தான் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் கடைக்குள் வந்தவர் தன் வாயால் என்ன வேண்டும் என்று கேட்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே 'முடிவுகள் இல்லை' என்று வந்தால் அவர் சரக்கு இல்லை என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார். எழுத்தை மாற்றி அடித்துப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு.

கூகுள் 2006இல் விட்ட கஸ்டம் சர்ச் வசதி இன்று புரோகிராமபிள் சர்ச் என்ற பெயரில் இருக்கிறது. இரண்டு வரி நிரலை ஒட்டினால் போதும், காசும் இல்லை. கட்டுரைகள் நிறைந்த தளத்துக்கு அது நன்றாகவே உதவும். கடைக்கு வைப்பதாக இருந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும்: கூகுள் ஏற்கெனவே வந்து படித்துப்போன பக்கங்கள்தான் அதில் கிடைக்கும், காலையில் ஏற்றிய சரக்கு மாலையில் வரும் என்று நம்ப முடியாது. இலவச வகையில் விளம்பரமும் வரும். நம் கடைக்குள்ளேயே அடுத்த கடைக்காரரின் தட்டி தொங்கினால் எந்த முதலாளி சும்மா இருப்பார்?

சரி, நாமே தரவுத்தளத்தில் தேடலாம் என்று இறங்கினால் தமிழ் தன் வேலையைக் காட்டும். நான் முதலில் போட்டது வெறும் 'லைக்' தேடல், அடித்த எழுத்து அப்படியே உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது. அண்ணனின் மகள் தமிழ் படித்தவர், 'நெத்திலிக் கருவாடு' என்று ஒற்றுப் போட்டு அழகாகப் பதிந்திருந்தார். வாங்க வருகிறவர் ஒற்றெல்லாம் போடுவாரா? 'நெத்திலி கருவாடு' என்று அடித்தார், ஒன்றும் வரவில்லை. ஒரு புள்ளி வைத்த க-வுக்காக வியாபாரம் போனது. 'கருவாட்டு' என்று அடித்தாலும் இதே கதைதான், ஏனென்றால் 'கருவாடு' அங்கே 'கருவாட்டு' என்று திரிந்துவிடுகிறது.

இதைவிடக் கண்ணில் படாத சிக்கல் ஒன்று. 'கொடுவா' என்ற மீன் பெயரின் முதல் எழுத்தை, கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில், இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி ஒரே எழுத்தாக இருக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. அரை நாள் முழுக்க என் நிரலைத் திட்டிக்கொண்டிருந்த பிறகுதான் இது உறைத்தது. பதியும்போதும் தேடும்போதும் எழுத்தை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒரே எழுத்தாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். ஒவ்வொரு சரக்குக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்து, அதில் எல்லாப் பெயர்களையும் கொட்டிவிடுகிறேன்: சீலா, வஞ்சிரம், ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களுக்கான இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல், எல்லாமே. சாளை என்றால் மத்தியும் உண்டு. நம் ராமநாதபுரத்து மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது 'முண்டு' என்ற பெயரில், சந்தையில் பாதிப்பேர் சொல்வது 'குண்டு', ஆகவே இரண்டும் போகும். சொல்லின் கடைசியில் வரும் க், ச், த், ப் நான்கையும் தேடுவதற்கு முன் வெட்டிவிடுகிறேன். பெரிய தளம் என்றால், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 12ஆம் பதிப்பிலிருந்து, சொல்லின் விகுதியை வெட்டி வேரை எடுக்கும் தமிழ் வேர்ச்சொல் பிரிப்பான் கூடவே வருகிறது, அதைப் பயன்படுத்திப் பாருங்கள்.

பழைய விலைப்பட்டியல், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிய பாமினி எழுத்துருவில் இருந்தால் அதை யூனிகோடுக்கு மாற்றாமல் எந்தத் தேடலும் பலிக்காது. அதில் 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெட்டி, ஊரில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிப்போடக்கூடிய வாசல். அடித்ததை அப்படியே தரவுத்தளக் கட்டளையில் ஒட்டினால் மொத்தச் சரக்குப் பட்டியலையும் அள்ளிக்கொண்டு போகலாம், அப்படியே திரையில் திருப்பிக் காட்டினால் வேறொருவரின் நிரல் உங்கள் பக்கத்தில் ஓடும். தேடல் முடிவுப் பக்கங்களுக்கு 'நோஇண்டெக்ஸ்' (இந்தப் பக்கத்தைக் கூகுள் காட்ட வேண்டாம் என்ற குறிப்பு) போடவில்லை என்றால், சூதாட்டத் தள விளம்பரத்தைத் தேடுசொல்லாக வைத்து இணைப்புப் பரப்புகிறவர்கள் உண்டு. நம் கடைப் பெயரோடு அது கூகுளில் வந்து நிற்கும்.

தேடிக் கிடைக்காத சொற்களைச் சேமித்து வையுங்கள், ஆனால் பத்திரம். எங்கள் பட்டியலில் செல்போன் எண்கள் கிடந்தன. ஆர்டர் எங்கே வருகிறது என்று பார்க்கத் தன் எண்ணையே பெட்டியில் அடித்திருக்கிறார்கள் பாவம். இப்போது எண்களைச் சேமிப்பதே இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது சில சரக்கு தீர்ந்துவிடும். அதைத் தேடினால் 'இல்லை' என்று வராமல், படத்தோடு 'தடைக்காலம் முடிந்து வரும்' என்று வருகிறது, பக்கத்திலேயே வந்ததும் தகவல் சொல்ல ஒரு பட்டன்.

அந்தக் கிடைக்காத சொற்களின் பட்டியலை வாரா வாரம் அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன். போன வாரம் மேலே நின்றது 'மாசி'. அவர் கடையில் மாசிக் கருவாடு இருந்ததே இல்லை. பத்து நிமிடத்தில் போன் வந்தது: "ஏன் தம்பி, இத்தனை பேர் கேக்குறாங்க, மாசி எங்க மொத்தமா கிடைக்கும்னு அந்தப் பெட்டியிலயே தேடிப் பார்க்க முடியுமா?"