அளவு ஜாக்கெட்டை யாராவது குப்பையில் போடுவார்களா?

போன வாரம் நான் கார் சீட் தைக்கும் கடைக்கு ஒரு மாரிஸ் மைனர் கார் வந்தது. 1954 மாடல். தாத்தா வாங்கிய வண்டியைப் பேரன் கொண்டுவந்திருந்தார். "சீட்டைப் பழையபடியே பண்ணிக் கொடுங்கண்ணே" என்றார். கதவைத் திறந்தால் வெறும் இரும்புச் சட்டமும் ஸ்பிரிங்கும்தான் இருந்தன. "பழைய உறை எங்கே தம்பி?" என்று கேட்டேன். முதலில் கொடுத்த கடையில் பிரித்துத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது வண்டி இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கிழிந்து, எலி கடித்து, நாறிப்போயிருந்தால் அது குப்பை என்று நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. தையல்காரரிடம் போகும்போது அளவு ஜாக்கெட் எடுத்துக்கொண்டுதானே போகிறோம்? அது சாயம் போய், நைந்து கிடந்தாலும் அளவு அதில்தான் இருக்கிறது. கார் சீட் உறையும் அப்படித்தான். முதுகுப் பக்கம் எத்தனை பட்டைகள், ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், ஓரத்துப் பைப்பிங் (தையலோரம் ஓடும் உருண்டை விளிம்பு) எவ்வளவு பருமன், மூலையில் துணியை எப்படி மடித்திருக்கிறார்கள், இத்தனையும் அந்தக் கந்தலில்தான் இருக்கிறது. எது தோல், எது ரெக்சின் என்பதும் அதில்தான் தெரியும். அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் உடம்பு படும் இடம் மட்டும் தோல், பக்கவாட்டிலும் பின்புறமும் ரெக்சின். இது தெரியாமல் முழுக்கத் தோல் போட்டுவிட்டு "ஒரிஜினல்" என்கிறார்கள். (அந்த ரெக்சினும் இன்றைய பிவிசி அல்ல. பருத்தித் துணியில் நைட்ரோசெல்லுலோஸ் என்ற ரசாயனத்தைப் பூசியது.)

அந்தப் பேரனுக்கு என்ன செய்தேன்? வீட்டில் ஒரு கல்யாணப் போட்டோ இருந்தது. அதில் முன் சீட் பாதி தெரிந்தது, பட்டைகளை எண்ணிக்கொண்டேன். கறுப்பு வெள்ளைப் படம், நிறம் தெரியவில்லை. சட்டத்தின் அடியில் ஓர் ஆணித்தலைக்குக் கீழே விரல் நகமளவு தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் படாத இடம் என்பதால் மெரூன் நிறம் அப்படியே இருந்தது. உறை முழுசாக இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். இதற்கு நான்கு நாள் போனது.

அடுத்தது ஃபோம். பழைய சீட்டுக்குள் அடைத்திருக்கும் குதிரைமுடியையும் தென்னை நாரையும் எறிந்துவிட்டு, ஸ்பிரிங் மேல் நேராக நான்கு அங்குல ஃபோம் வைக்கிறார்கள். சீட் உயர்ந்துவிடுகிறது, ஸ்டியரிங் தொடையில் இடிக்கிறது. ஸ்பிரிங் கம்பி அடியிலிருந்து அறுத்து அறுத்து, ஃபோம் மாவாகக் கொட்டுகிறது. நடுவில் கெட்டியான சாக்குத் துணி கட்டாயம் வேண்டும். குதிரைமுடி நசுங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, கையால் பிய்த்து உதிர்த்தால் மறுபடி எழும்பிவிடும். புதிதாகத் தேடிப் போனால் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிரிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவு தூசியும் பூஞ்சையும் இருக்கும்.

தோல் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். கார் தோலின் மேலே சாயப் பூச்சு இருக்கிறது. எண்ணெய் அதன் வெடிப்பு வழியாக இறங்கித் தையல் நூலில் ஊறும், தூசியை இழுக்கும், சிக்கு நாற்றம் அடிக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் வையுங்கள், போதும். தொட்டால் செம்பொடியாக உதிர்கிற தோலை எந்த எண்ணெயும் மீட்காது. புதுத் தோல் வாங்குவதென்றால் சீட்டுக்கென்று பதப்படுத்திய முழு மாட்டுத் தோலாகக் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று செருப்புத் தோலை வாங்கி வந்து என் மேசையில் போடாதீர்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், டேப் வைத்து அளந்து எழுதுங்கள். பிரிப்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். தையலைப் பிரிக்கச் சொல்லுங்கள், கத்தியால் கிழிக்க விடாதீர்கள். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் இடது, வலது என்று சாக்பீஸில் குறிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பழைய துண்டுகளையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு, வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.