அகதி: கதியற்றவரா, புகல் பெற்றவரா?

"அவன் கதி என்னாச்சு?", "நீயே கதி", "அதோகதி" என்று பேச்சுத் தமிழில் 'கதி' இன்றும் உயிரோடு புழங்குகிறது. வடமொழிச் சொல். செல்லுதல் என்ற பொருளுள்ள 'கம்' என்னும் வேரிலிருந்து பிறந்தது. செல்லுதல், செல்லும் வழி, சென்று சேரும் இடம், அடைக்கலம், நிலைமை என்று அதன் பொருள் விரிந்துகொண்டே போனது. உயிர்கள் பிறக்கும் நிலைகளைச் சமணர்கள் தேவகதி, மக்கட்கதி, விலங்குகதி, நரககதி என்று நான்காகப் பிரித்தார்கள். இந்தக் கதியின் முன்னால் இல்லாமையைக் குறிக்கும் 'அ' சேர்ந்தால் அகதி. போக வழியில்லாதவர், போய்ச் சேர இடமில்லாதவர்.

பழைய அகதி எல்லை தாண்டியவர் அல்லர். சொந்த ஊரில், சொந்தத் தெருவில் ஆதரவற்றுக் கிடப்பவரும் அகதிதான். "அகதிக்குத் தெய்வமே துணை" என்ற பழமொழியில் கடலும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. நாதியற்றவர், திக்கற்றவர், அநாதை என்ற வரிசையில் நிற்கும் சொல் அது.

'சரணாகதி'யிலும் இந்த அகதி இருப்பதாகச் சிலர் பிரித்துக் காட்டுவதுண்டு. அது பிழை. சரணம் என்பதோடு சேர்வது 'ஆகதி', அதாவது வந்தடைதல். குறில் நெடிலானதில் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

இனி இந்தச் சொல்லை எதற்கு மொழிபெயர்ப்பாக்கினோம் என்று பார்ப்போம். 'ரெஃப்யூஜி' என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சிலிருந்து போனது. 1685இல் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன், சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு இருந்த வழிபாட்டுரிமையை ரத்து செய்தான். யூகனோக்கள் எனப்பட்ட அவர்கள் இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் ஓடினார்கள். அவர்களைக் குறிக்கத்தான் அந்தச் சொல் ஆங்கிலத்தில் பரவியது. அதன் உள்ளே இருப்பது 'ரெஃப்யூஜ்', அதாவது புகலிடம். 'அசைலம்' இன்னும் பழையது. கிரேக்கத்தில் அதற்கு, பறிக்கவோ கைப்பற்றவோ கூடாத இடம் என்று பொருள். அங்கும் முன்னால் நிற்பது இல்லாமையைக் குறிக்கும் 'அ'தான். ஆனால் அங்கே அந்த 'அ' பிடிக்க வருபவனை மறுக்கிறது, அகதியில் உள்ள 'அ' ஓடி வருபவரின் வழியையே மறுக்கிறது. படகில் இருக்கும்வரை ஒருவர் அகதி, கரையேறி ஒரு நாடு ஏற்றுக்கொண்ட பிறகு அவர் 'ரெஃப்யூஜி'. இரண்டுக்கும் தமிழில் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இந்தச் சொல்லுக்குச் சட்ட இலக்கணம் வகுத்தது. இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சத்தோடு, சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அந்த இலக்கணத்துக்குள் வருவார். 1967இன் நெறிமுறை அதன் கால, இட வரம்புகளை நீக்கியது. பசி அந்தப் பட்டியலில் இல்லை. நாட்டுக்கு உள்ளேயே துரத்தப்பட்டவரும் அதில் இல்லை.

மக்கள் வாயில் சொல் இந்த இலக்கணத்துக்குக் கட்டுப்படவில்லை. 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். நாட்டின் எல்லையை அவர்கள் தாண்டவே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். புத்தளத்து ஊர்க்காரர்களோ அவர்களை அகதிகள் என்றே அழைத்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வந்தவரும் இருந்தவரும் பேசியது தமிழ், தொழுத திசையும் ஒன்று. அப்படியிருந்தும் ஒரு சொல் இரு தரப்பையும் பிரித்து வைத்தது.

ஐரோப்பாவுக்குப் போன ஈழத்தவர்களோ தங்கள் நிலைக்கு வேறு சொற்களை உண்டாக்கிக்கொண்டார்கள். ஜெர்மன் மொழியில் அடைக்கலத்தைக் குறிக்கும் 'அசூல்' அவர்கள் வாயில் தமிழாகி, அடைக்கலம் கேட்டு விண்ணப்பிப்பது 'அசூல் அடிக்கிறது' என்று வினையும் ஆனது. கேஸ், ரிஜெக்ட், கார்ட் எல்லாம் கூடவே வந்தன. ஆளைக் கூட்டிப்போகும் தரகருக்குப் பெயர் ஏஜென்சி. சுவிட்சர்லாந்தில் விண்ணப்பம் நிலுவையில் இருப்பவருக்கு 'என்' அட்டை, தற்காலிகமாகத் தங்க விடப்பட்டவருக்கு 'எஃப்', வதிவிட உரிமை பெற்றவருக்கு 'பி'. கல்யாணப் பேச்சில்கூட அந்த எழுத்தை விசாரிக்கும் காலம் ஒன்று இருந்தது. அங்கே அகதி என்பது வெறும் பட்டமல்ல. ஒரு விண்ணப்பத்தின் முடிவில் கிடைக்கக்கூடிய உரிமை அது. மறுத்தால் மேல்முறையீடு உண்டு.

தமிழ்நாட்டில் கதை வேறு. 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, நெறிமுறையிலும் இல்லை. அகதி யார் என்று சொல்லும் சட்டமும் இங்கே கிடையாது. நெடுங்காலம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது 1946இன் அயல்நாட்டவர் சட்டம்தான். சுற்றுலாப் பயணியும், இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தோணியேறி வந்த தாயும் பிள்ளையும் அதன் முன் ஒன்றுதான். நாளிதழ் சொல்லும், பெயர்ப்பலகை சொல்லும், பக்கத்து ஊர் சொல்லும் அகதி, சட்டப் புத்தகத்தில் இல்லாத அகதி.

மண்டபத்தைப் பார்த்தால் இது விளங்கும். ராமேசுவரத்துக்குப் போகும் வழியில், பாம்பன் பாலத்துக்கு முன்னால் இருக்கிறது மண்டபம் கேம்ப். பிரிட்டிஷார் காலத்தில் அது இலங்கை அரசு நடத்திய தொற்றுத் தடுப்பு முகாம். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் ஆட்களை அங்கே தங்கவைத்து, பரிசோதித்து, பிறகு கப்பலேற்றினார்கள். அப்போது அவர்களுக்குப் பெயர் கூலி. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்தக் கூலிகளின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டது. மொத்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். பத்தாண்டு கழித்து 1974இல் அந்த மீதியையும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி வந்தவர்களை வரவேற்ற இடமும் அதே மண்டபம். இப்போது அவர்கள் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பலர் அதற்குமுன் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. திரும்பியது எங்கிருந்து எங்கே என்று ஒரு தாசில்தாரும் கேட்கவில்லை. நீலகிரியில் தேயிலைத் தோட்டக் கழகம் அமைத்துச் சிலருக்கு வேலை கொடுத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் இன்றும் சிலோன்காரங்க. பர்மாவில் நெ வின் என்ற தளபதியின் ராணுவ ஆட்சி கடைகளைப் பறித்தபின் வந்தவர்களும் காகிதத்தில் தாயகம் திரும்பியோர், வாய்ப்பேச்சில் பர்மா அகதி. சென்னைக் கடற்கரைச் சாலையோரத்து பர்மா பஜாரும், அத்தோ என்ற நூடுல்ஸ் உணவும் அவர்கள் கொண்டுவந்தவை.

1983க்குப் பிறகு அதே மண்டபம் அகதி முகாம் ஆனது. வந்தவர்களில் மலையகத்தவரும், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழரும் உண்டு. இனக்கலவரங்களுக்கு அஞ்சித் தோட்டத்தை விட்டு வடக்கே வன்னிப் பக்கம் போய், அங்கும் போர் துரத்தக் கடல் கடந்தவர்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்த அண்ணன் ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலில் வந்தால் குடிமகன், தாயகம் திரும்பியவர். தம்பி பின்னால் தோணியில் வந்தால் அகதி. பாட்டன் ஊர் இருவருக்கும் ஒன்றுதான்.

2003இல் குடியுரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் தம்பிக்கு இன்னொரு பெயரும் வைத்தது. செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அப்படிப்பட்டவர் பதிவு வழியிலோ, நீண்டகால வசிப்பின் வழியிலோ குடியுரிமை கேட்க முடியாது. குண்டுக்குத் தப்பித் தோணி ஏறுகிறவர் விசா வாங்கிக்கொண்டா ஏறுவார்? பிறந்த தேதியும் இங்கே பெரிய விஷயம். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன், பெற்றோர் யாராயினும் சரி. அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஆக, ஒரே முகாம் வீட்டில் 1986இல் பிறந்த அக்கா இந்தியர், 1988இல் பிறந்த தங்கை இலங்கையர். அக்கா இந்தியர் என்பதையும் தானாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, அப்படிப் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட வேண்டியிருந்தது. 2019இன் திருத்தம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்ற பட்டியலிலிருந்து எடுத்தது. இலங்கை அந்த மூன்றில் இல்லை.

முகாமுக்குள் புழங்கும் சொற்கள் இந்தச் சட்டச் சொற்களைவிட நேரடியானவை. செக்கிங் என்றால் ஆட்களை நிற்கவைத்து எண்ணும் நாள், அன்றைக்கு வெளியூரில் இருக்கக் கூடாது. கியூ பிராஞ்சு என்றால் முகாமைக் கண்காணிக்கும் காவல்பிரிவு. பணக்கொடை என்றால் அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை. படித்த இளைஞர்களும் பெயிண்ட் அடிக்கத்தான் போகிறார்கள் என்ற பேச்சு எல்லா முகாமிலும் உண்டு. அரசு வேலைக்கு வழியில்லை, பெரிய நிறுவனங்களோ வேலைக்கு எடுக்குமுன் கடவுச்சீட்டு கேட்கின்றன. பக்கத்து ஊர்க்காரர்கள் 'கேம்ப்காரங்க' என்கிறார்கள். அகதி என்பதைவிட அது காதுக்கு மெதுவாக இருக்கிறது என்பது என் எண்ணம். அது இடத்தைச் சொல்கிறதே தவிர ஆளின் இல்லாமையைச் சொல்லவில்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அப்போது 108 முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே காவல்நிலையப் பதிவோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 34 ஆயிரம். பெயரோடு புது வீடுகளும் அறிவிக்கப்பட்டன, வீடுகள் எழும்பவும் செய்தன. பலகையில் அகதி போய்விட்டது. குடியுரிமைச் சட்டத்தில் அவர்களுக்கு இருந்த பெயரை மாற்ற மாநில அரசுக்கு அதிகாரம் இல்லை. அடுத்த ஆண்டே இலங்கையின் பொருளாதாரம் சரிந்து, தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுகளில் குடும்பங்கள் இறக்கிவிடப்பட்டபோது, 'பொருளாதார அகதி' என்ற புதுச்சொல் செய்திகளில் முளைத்தது. ஐ.நா. இலக்கணத்தில் இடமில்லாத அந்தச் சொல், பழைய தமிழ் அகதிக்கு, கதியற்றவருக்கு, கச்சிதமாகப் பொருந்தியது.

சரி, தூய தமிழ் நிகரன் எது? ஈழத்து எழுத்தில் பரவலானது 'ஏதிலி'. ஒலிநயம் உண்டு, கவிதைக்கு நன்றாக வளைகிறது. ஆனால் ஏதிலார் என்றால் அயலார், தொடர்பற்றவர். "ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்" என்று குறள் சொல்வது அந்தப் பொருளில்தான். ஒரு தமிழரை இன்னொரு தமிழர் ஏதிலி என்று அழைக்கும்போது 'நீ எனக்கு அயல்' என்ற குரல் அடியில் கேட்கிறது. அந்தக் கசப்பைச் சொல்ல நினைக்கும் கவிஞருக்கு அது சரி. அரசாணைக்கு வேண்டாம்.

'புலம்பெயர்ந்தோர்' பழைய சொல், பெரிய சொல். "புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்" பட்டினமாகக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஆனால் வணிகத்துக்கு வந்தவரும் வேலைக்குப் போனவரும் அதில் அடக்கம், அச்சம் அதன் பொருளில் இல்லை. 'வந்தேறி' சொல்லளவில் வந்து குடியேறியவர்தான், வழக்கில் அது வசைச்சொல் ஆகிவிட்டது. நடுநிலையாகச் சொல்ல 'குடியேறியவர்' போதும்.

எனக்குப் பிடித்தது 'புகல்' என்ற சொல்லிலிருந்து கிளைப்பவை. புகு என்ற வினையின் பிள்ளை அது. "புகல் ஒன்று இல்லா அடியேன் உன் அடிக்கீழ் அமர்ந்து புகுந்தேனே" என்கிறார் நம்மாழ்வார். 'புகல் ஒன்று இல்லா' என்பது அகதி என்ற வடசொல்லின் நேர்த் தமிழ், 'புகுந்தேனே' என்பது அதன் அடுத்த நிலை. ஒரே அடியில் இரண்டும் இருக்கின்றன. அதன்படி, இன்னும் இடம் கிடைக்காமல் அலைபவர் புகலிலி. விண்ணப்பித்துக் காத்திருப்பவர் புகலிடம் கோருபவர். ஏற்றுக்கொள்ளப்பட்டவர் புகலாளர். நாட்டுக்குள்ளேயே ஓடியவர் இடம்பெயர்ந்தவர், எந்த நாடும் தன்னவர் என்று சொல்லாதவர் நாடற்றவர். பேச்சில் அகதி இருந்துவிட்டுப் போகட்டும், அதை யாரும் பிடுங்க முடியாது. செய்தி மொழிபெயர்ப்பவரும் மனு எழுதிக் கொடுப்பவரும் இந்த ஐந்தையும் கலக்காமல் இருந்தால் நல்லது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் உள்ள உரிமை வேறு.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவு, அயல்நாட்டவர் சட்டம் 1946இன் சட்டத்தை நீக்கிவிட்டது. கூடவே வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, ஆவணமின்றி நுழைந்ததற்கும் தங்கியதற்கும் உரிய தண்டனைப் பிரிவுகளிலிருந்து விடுவித்தது. சிறைக்கு அஞ்சத் தேவையில்லை என்பதுவரை சரி. குடியுரிமைச் சட்டத்தின் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லை அந்த ஆணை தொடவில்லை. புகலாளர் என்று இவர்களை எழுதுவதற்குச் சட்டத்தில் இன்னும் இடம் பிறக்கவில்லை.