ரெஃபரன்ஸ்: சுட்டா, மறுபெயரா?

இலத்தீனில் 'ரெஃபர்ரே' என்றால் திரும்பக் கொண்டுபோதல். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்த 'ரெஃபரன்ஸ்' இடத்துக்கு இடம் நிறம் மாறும். ஆய்வுக் கட்டுரையில் அது சான்று. வேலை தேடுபவருக்குச் சிபாரிசு.

நிரல்மொழிக்கு வரும்போதுதான், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தகராறு. 'சுட்டு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அ, இ, உ சுட்டெழுத்துகளை நினைவூட்டும் நல்ல சொல்தான், ஆனால் அது சி மொழியின் பாயின்டருக்கே உரியது. பாயின்டர் நினைவகத்தில் ஒரு முகவரியைச் சுட்டுகிறது. இணையதளங்கள் எழுதப் பயன்படும் பி.எச்.பி. மொழியில் ரெஃபரன்ஸ் என்பது முகவரியே அல்ல, ஒரே மதிப்புக்கு இரண்டு பெயர். சேலத்துப் பத்திரங்களில் 'சின்னப்பையன் (எ) முருகேசன்' என்று எழுதுவார்களே, அந்த '(எ)'தான் இங்கே '&'. ஆகவே 'மறுபெயர்' என்பதே என் தேர்வு.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை ஒன்றுக்கு பில் போடும் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எடைகள் 40, 55, 70 கிராம். வரிசையிலுள்ள மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார்ஈச் சுற்றில், அவற்றை வாங்கும் மாறிக்கு (வேரியபிள்) முன்னால் & போட்டு, சலங்கைக்காகத் தலா 2 கிராம் கூட்டுகிறோம்: 42, 57, 72. சுற்று முடிந்தும் அந்த மாறி கடைசி எடையின் மறுபெயராகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அதே மாறியை வைத்து, & இல்லாமல், அச்சிட மட்டும் இன்னொரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு எடையும் அந்த மாறிக்குள் போவதால், முதலில் 42 போய்க் கடைசி இடத்தில் உட்காரும், பிறகு 57 உட்காரும், மூன்றாவது முறை கடைசி இடம் தன்னையே படிக்கும். பில்லில் 42, 57, 57. பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் 15 கிராம் வெள்ளி காணாமல் போகும்! முதல் சுற்று முடிந்ததும் அந்த மாறியை அன்செட் செய்தால், அதாவது அந்தப் பெயரை நீக்கிவிட்டால், தீர்ந்தது.

செயற்கூறு (ஃபங்ஷன்) மறுபெயரைத் திருப்பித் தரும்போதும் இதே குணம்தான். அறிவிப்பில் & வேண்டும்; வாங்கிக்கொள்ளும் இடத்திலும் வேண்டும். வாங்கும் இடத்தில் விட்டுவிட்டால் சத்தமில்லாமல் நகல்தான் கிடைக்கும். இரண்டு இடத்திலும் போட்டாலோ, பிரைவேட் என்று பூட்டி வைத்த மதிப்பைக்கூட வெளியிலிருந்து மாற்றிவிடலாம். 'எடை + 2' போன்ற கணக்குக் கோவையை அப்படித் திருப்பித் தந்தால் பி.எச்.பி. நோட்டீஸ் (எச்சரிக்கைக் குறிப்பு) கொடுக்கும். நியாயம்தானே, முதல் பெயரே இல்லாததற்கு மறுபெயர் ஏது?

வேகம் கூடும் என்று & போடும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. தேவையில்லை. யாராவது மாற்றும்வரை பி.எச்.பி. வரிசைகளை நகலெடுப்பதே இல்லை.